மாமாவின் கணினி பூட்டிக்கொண்ட சனிக்கிழமை

“இதுவா இங்கிலீஷுல பேசப் போவுது? வேணும்னா நாலு ரைம்ஸு பாடும்” என்றார் அத்தை. தொலைபேசியை என் கையில் கொடுத்த மாமாவுக்கும் பாதி சந்தேகம்தான். நான் அப்போது ஏழாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் ஐந்தாவதைத் தாண்டிய முதல் ஆள் என்ற மிதப்பு எனக்கு நிறையவே இருந்தது.

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டைக்கு எதிரே மாமா டைப்பிங் கடை வைத்திருந்தார். மூன்றாவதோடு படிப்பை நிறுத்தியவர். எந்தத் தமிழ் எழுத்து எந்தப் பொத்தானில் இருக்கிறது என்பது அவர் விரல்களுக்குத் தெரியும், ஆங்கிலம் தெரியாது. பேட்டையிலிருந்து பறந்து வந்த வெள்ளை மண் தூசு கணினியின் விசிறியை அடைத்து, ஒருநாள் மதர்போர்டு கருகிப்போனது. கடலூரிலிருந்து வந்த மெக்கானிக் போர்டு, பிராசசர், மெமரி மூன்றையும் மாற்றி, பழைய ஹார்டு டிஸ்க்கை மட்டும் திரும்பப் பொருத்திவிட்டுப் போனார்.

கணினியைப் போட்டதும், புதிய பாகம் கிடைத்திருக்கிறது என்று திரையின் மூலையில் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தி வந்தது. “எல்லாத்தையும் அதுவே கண்டுபுடிச்சிடுச்சு பாரு” என்று மாமா பூரித்தார். கூடவே வந்த இன்னோர் அறிவிப்பை விளம்பரம் என்று நினைத்து மூடிவிட்டார். மறுநாளும் மூடினார். பாகங்கள் மாறியிருப்பதால் மூன்று நாளுக்குள் மென்பொருளை மறுபடி பதிவு செய்யச் சொன்ன எச்சரிக்கை அது. கெடு முடிந்து, சனிக்கிழமை கணினி எங்களை உள்ளே விட மறுத்தது. உள்ளே இருந்தவை பெண்ணாடத்துப் பள்ளி ஒன்றின் கேள்வித்தாள்கள். திங்கட்கிழமை பரீட்சை. அந்தப் பள்ளி கைவிட்டுப் போனால் கடைக்கு வேறு பெரிய வாடிக்கை கிடையாது.

திரையில் இருந்த மென்பொருள் நிறுவனத்தின் எண்ணுக்கு மாமா போன் போட்டார். திரை காட்டிய எண்ணை, ஆறு ஆறு இலக்கமாக ஒன்பது கட்டங்களையும், வாசித்தேன். முதலில் கேட்ட தானியங்கிக் குரல் அதை ஏற்கவில்லை. பிறகு ஒரு பெண் வந்து, இது அதே கணினிதானா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மாமாவிடம் சொன்னேன். “அதேதான்னு சொல்லு பாப்பா. ஆயுத பூஜைக்கு வச்ச குங்குமங்கூட பொட்டியில அப்படியே இருக்குதே!”

உள்ளே பெரும்பாலும் புதுசு என்பதால் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் திரட்டி, “ஓல்டு டிஸ்க், நியூ போர்டு, சேம் அங்கிள்” என்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். பிறகு அவர் சில எண்களை, ஒவ்வொன்றையும் இரண்டு முறை, நிதானமாகச் சொன்னார். நான் சொல்லச் சொல்ல மாமா அடித்தார். திரை திறந்தது. மாமா பிரிண்டரில் தாள் வைத்தார். அத்தைதான் கிட்டே வந்து, “இன்னொரு வாட்டி பேசிக் காட்டுடி” என்றார்.

கதவைத் திறந்தது என் ஆங்கிலம்தான் என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். கணினி தன் பாகங்களைப் பார்த்தே அடையாளம் காண்கிறது என்றும்தான். உண்மையில் அது எழும்பும்போது ஒவ்வொரு பாகத்தையும் விசாரிக்கிறது. செய்தவர் யார், வகை எது என்று பாகம் இரண்டு எண்களைச் சொல்ல, அதற்கேற்ற நிரலைத் தேடி எடுக்கிறது. அன்று முதல் பதிவின்போது குறித்துவைத்த பழைய எண்களோடு புதியவை பெரும்பாலும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். போனில் பேசிய பெண்ணுக்கோ, நான் சொன்னது நிஜமா என்று ஒப்பிட்டுப் பார்க்க எந்த எண்ணும் இல்லை. முகம் தெரியாத ஒரு சிறுமியின் வார்த்தையை அப்படியே நம்பினார். அது எனக்கு அன்று புரியவில்லை.

போன வாரம், இப்போது நான் வேலை பார்க்கும் நிறுவனத்துக்காக, ஒரு புதிய போர்டு தன் இரண்டு எண்களைச் சொல்வதற்கான நிரலை எழுதி, எழுதியவர் என்று என் பெயரையும் போட்டு அனுப்பிவிட்டேன்.