எட்டுப் பூவும் அரைக் குவளையும்

"மார்ச் 3, செவ்வாய், காலை 7.10. தண்ணீர் அரைக் குவளை. இலை 41. பூ இல்லை."

என் குறிப்பேட்டின் முதல் பதிவு இது. மகளின் பிரசவத்துக்கு ஜொகூர் புறப்பட்ட எதிர்வீட்டு அக்கா, தம் யூபோர்பியாத் தொட்டியை என்னிடம் ஒப்படைத்திருந்தார். நம் கள்ளி இனம்தான். முள் உண்டு, கிள்ளினால் பால் வடியும். ஒரே கொத்தில் எட்டுப் பூ பூத்தால் வீட்டுக்கு நல்லது என்பது சீனர் நம்பிக்கை. அக்கா தைப்பூசத்தையும் விடமாட்டார், இதையும் விடமாட்டார்.

"புள்ள பொறக்கறப்ப எட்டுப் பூ இருக்கணும்லா தம்பி. ஒன்ன நம்பித்தான் போறேன்."

மூன்று நூல்களைப் படித்தேன். மண் காய்ந்த பிறகே தண்ணீர் என்றன மூன்றும். செவ்வாய், வெள்ளி அரைக் குவளை என்று அட்டவணை போட்டேன். ஆறு வாரம் ஒரு பதிவும் தவறவில்லை. செடிதான் தவறியது. ஒரு காலையில் தண்டைத் தொட்டபோது, கனிந்த வாழைப்பழம்போல் விரல் உள்ளே போனது.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"வெயில்ல காயுதேன்னு பாவமா இருந்துச்சு. காலையில அரிசி களைஞ்ச தண்ணி, சாயங்காலம் ஒரு சொம்பு. அவ்ளோதான்."

"எத்தன நாளா?"

"நீங்க நோட்டு தொறந்த நாள்லேர்ந்து. அரைக் குவளைய ஊத்திட்டு அரைப் பக்கம் எழுதறீங்க. எழுதினா தாகம் அடங்குமா?"

மறுநாளே அக்கா அழைத்தார். பேத்தி பிறந்துவிட்டாள்.

"பூ எத்தன தம்பி?"

"எட்டுக்கா," என்றது என் வாய்.

அன்றே கடல்பாலம் தாண்டி, அக்கரையிலுள்ள செபராங் ஜெயாவின் செடிக்கடைக்குப் போனேன். நாங்கள் இருக்கும் தீவில் வாங்கினால் தெரிந்தவர் கண்ணில் படும். அக்கா செடியின் அதே இளஞ்சிவப்பில் ஒரு யூபோர்பியா. பூவை மும்முறை எண்ணி வாங்கி, அக்காவின் தொட்டியில் நட்டேன். அன்றைய பதிவு: "செடி நலம். பூ 8." ஒரு சொல்லும் பொய்யில்லை. எந்தச் செடி என்றுதான் எழுதவில்லை.

திரும்பி வந்த அக்கா தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "நான் வளத்தப்பகூட இப்படி இல்லலா!" என்றவர், குறிப்பேட்டைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அடுக்குமாடியின் வாட்சாப் குழுவில் போட்டுவிட்டார்.

இப்போது எங்கள் மாடி வராந்தாவில் ஏழு யூபோர்பியாக்கள். எல்லாவற்றுக்கும் செவ்வாய், வெள்ளி, அரைக் குவளை. சந்தேகம் கேட்க என்னிடம்தான் வருகிறார்கள். மனைவி சொம்போடு கதவருகே நின்று, "நான் சொல்லவா?" என்பதுபோல் பார்க்கிறாள்.

இந்த அட்டவணையை மட்டும் நம்பி ஒரு செடியாவது பிழைத்ததுண்டா என்பது, இதை எழுதும் நாள்வரை சரிபார்க்கப்படவில்லை.