கிடாவுக்கு ஏது பால்

மீரியபெத்த தேயிலைத் தோட்டத்தில் மலை சரிந்து லயத்து வீடுகளை மூடிய அந்தக் காலையில் ரெங்கம்மா வீட்டில் இல்லை. கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய வெள்ளச்சியைத் தேடி மேட்டுப் பக்கம் போயிருந்தாள். திரும்பி வந்தால், புருஷன் கணபதியும் மகள் யசோதினியும் மண்ணுக்குள். அவளுக்கென்று மிஞ்சியது அந்தச் செம்மறியாடு ஒன்றுதான்.

செம்மறிக்குக் குட்டிக்கே பால் பற்றாது என்பார்கள். வெள்ளச்சியோ குட்டிக்குப் போக, அண்டை வீட்டுத் தேத்தண்ணிக்கும் கொடுத்தது. கணபதி பார்த்துப் பார்த்து வளர்த்த வம்சம் அது. மண்சரிவுக்குப் பிறகு கிடைத்த புது வீட்டுக்குக் குடிவந்த பிறகும், பால் கறக்கக் குந்தினால் அவர் பக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கும் என்பாள். வெள்ளச்சியின் மகளுக்கும் அதே மடி, பேத்திக்கும் அதே மடி. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்று ஊரே மெச்சியது. அந்தப் பழமொழியைச் சொன்னவன் நாசமாய்ப் போக! அதை நம்பித்தானே அவள் கெட்டாள்.

போன மழைக்கு ஏதோ நோய் வந்து பெட்டைகள் எல்லாம் செத்தன. அந்த வம்சத்தில் தப்பியது ஒரே ஒரு கிடா. பெரகல சந்திக் கடைக்கார இப்றாஹீம் கறிக்குக் கேட்டுப் பார்த்தார், இவள் கொடுக்கவில்லை. கிடாவுக்கு ஏது பால், கணபதியின் பால் வம்சம் பெட்டையோடு முடிந்தது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். எவன் கத்திக்கோ போவதைவிடச் சாமிக்குப் போகட்டும் என்று, தேயிலைத் தொழிற்சாலைக்குக் காவலிருக்கும் ரோதமுனிக்கு நேர்ந்துவிட்டாள். பூசையன்று மஞ்சள் தண்ணி தெளித்ததும் கிடா உடம்பைச் சிலுப்பியது. சாமி உத்தரவு கொடுத்தாச்சு என்று வெட்டினார்கள். ஊர் கூடிச் சாப்பிட்டது, பாவம் அவள் மட்டும் கை நனைக்கவில்லை.

அடுத்த வாரம் மிருக வைத்தியர் புவனேந்திரன் விசாரித்துக்கொண்டு வந்தார். இப்படிப் பால் கொடுக்கும் செம்மறியைப் பற்றி யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். பெட்டை ஒன்றும் மிஞ்சவில்லை என்று கேட்டும் அவர் மனம் தளரவில்லை. கிடா ஏதும் இருக்கிறதா என்றார்.

"கிடா எதுக்குங்க சார்? அதுவா பால் கறக்கப் போவுது?"

அவர் பொறுமையாக விளக்கினார். பால் சுரக்கும் குணம் தாயிடமிருந்து மட்டும் வருவதில்லை, பாதி தகப்பன் வழியாகவும் வரும். கிடாவிடம் அது வெளியே தெரியாது, ஆனால் அதன் ரத்தத்தில் இருக்கும். வேறு ஆட்டோடு சேர்த்தால், பிறக்கும் பெட்டைகளுக்கு அந்த மடி வரலாம்.

ரெங்கம்மா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். கிடாவை வெட்டிய கதையை அவள் சொன்னதும் வைத்தியர் தலையைக் குனிந்துகொண்டார். உங்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லையே அம்மா என்று சமாதானம் சொன்னார்.

"தெரியாம என்னங்க சார்? எம் மக அவங்கப்பாவ அப்பிடியே உரிச்சு வச்சிருந்தா. மூக்கு, முழி, நடை எல்லாம் அவருதான். பத்து மாசம் சொமந்தது நானு. அதப் பாத்துப் பாத்துச் சிரிச்சவ, எனக்கு எப்பிடி இது தோணாமப் போச்சு?"

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"மலை எனக்குன்னு விட்டு வச்சத, நானே கத்திக்குக் குடுத்துட்டேனே சார்."