சிவப்பு நூலில் தைத்த புல்

மலைப் புல்வெளிகளில் சேகரித்த புற்களைக் காயவைத்து, தாளில் தைத்து, பெயரிட்டுப் பாதுகாப்பது எங்கள் தாவர ஆய்வு நிலையத்தின் தொழில். எழுபதுகளின் புதுச்சேரியில் அது கௌரவமான வேலை. நெருங்கிய உறவுடைய இரண்டு புல்லினங்களுக்கு எதிரெதிராக இரண்டு இரும்பு அலமாரிகள் இருந்தன. இடையில் ஒரு நடைவழி. அதில் தேநீர் மேசை. மலையில் அவ்வினங்களின் எல்லை எங்கே ஓடுகிறதென்று எவருக்கும் தெரியாது. நிலையத்தில் அது தேநீர் மேசையின் நடுவே ஓடியது.

என் மனைவியும் அங்கே பணியாற்றினார். கன்னியர் மடத்துப் பள்ளியில் தையல் கற்றவர். செடிகளைத் தாளில் தைப்பது அவர் பொறுப்பு. அலுவலகத்தில் என்னை "சார்" என்பார், சற்று அழுத்தி. ஒருமுறை எங்களுடன் நீலகிரிக்கு வந்தார். அந்தப் புல்லைக் கண்டவர் அவர்தான். சரிவின் மேலே உயரமான இனம், கீழே ஈரப் பள்ளத்தில் குட்டையான இனம். நடுவே இரண்டின் சாயலும் கொண்டு, ஒரே வேரில் கிளைத்த ஒற்றைத் தூறு. கதிரின் நீண்ட மயிர் மேலுள்ளதைப் போல, இலையடியின் ரோமம் கீழுள்ளதைப் போல. மகரந்தப் பைகள் திறக்கவில்லை. கதிரைக் கசக்கினால் ஒரு விதையும் இல்லை. காற்று செய்துவைத்த கலப்பு.

நாங்கள் 'முசியே' என்றழைத்த பிரெஞ்சு இயக்குநருக்கும் அதில் ஐயமில்லை. ஆனால் கலப்புக்கு அலமாரி இல்லை. இரண்டு வாரம் சிந்தித்துவிட்டு, செடியைப் பிரிக்கச் சொன்னார்: மயிர் நீண்ட தண்டுகள் ஓர் அலமாரிக்கு, ரோமம் மிகுந்தவை மற்றதற்கு. ஒரே வீட்டில் அண்ணனைப் பிரெஞ்சுக் குடிமகனாகவும் தம்பியை இந்தியக் குடிமகனாகவும் பதிவுசெய்து பழகிய ஊர். ஒரு புல்லுக்காக எவரும் திகைக்கவில்லை. கத்தியை எடுத்து வேரோடு பிளந்தவன் நான். அப்போது எனக்குப் பணி நிரந்தரமாகவில்லை.

"ஒரே தூறு சார் இது. பாதி பாதியா தெச்சுத் தரேன். சேக்கறது உங்க வேலை," என்றார் என் மனைவி. நிலையத்தில் எல்லாத் தாள்களுக்கும் பச்சை நூல். இவ்விரண்டையும் அவர் சிவப்பு நூலில் தைத்தார். ஏன் என்று கேட்டேன்.

"என்னைக்காவது தேடுவீங்கல்ல. கிடைக்கணும்."

ஒவ்வோர் ஆண்டும் மழை முடிந்ததும், சேர்த்தாயிற்றா என்று வீட்டில் கேட்பார். முசியே விடுப்பில் இருக்கிறார் என்பேன். அது பெரும்பாலும் உண்மையாகவும் இருந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் என் மனைவி இறந்தார். பிறகு யாரும் கேட்கவில்லை.

மூன்றாண்டுகள் கழித்து வெளியூர் வல்லுநர் ஒருவர் வந்தார். இரு அலமாரிகளையும் திறந்து பார்த்துப் பரவசமடைந்தார். ஒரே சரிவு, ஒரே நாள், இரண்டு தாள்கள்: அருகருகே வளர்ந்தும் இவ்வினங்கள் கலப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? சேகரித்தவர்களில் ஒருவன் என்ற முறையில் அதை உறுதிசெய்து கையொப்பமிடும்படி, முசியேவுக்குப் பின் வந்த புதிய இயக்குநர் என்னைப் பணித்தார்.

நான் இரு தாள்களையும் எடுத்து வந்தேன். தேட வேண்டியிருக்கவில்லை; ஆயிரம் பச்சைகளுக்கிடையே இரண்டு சிவப்புகள். மேசையில் வைத்து அடிப்பகுதிகளை அருகே கொண்டுவந்தேன். வெட்டுகள் இடைவெளியின்றிப் பொருந்தின. நடந்ததைச் சொன்னேன். வல்லுநர் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். இயக்குநர் என்னைத் தேற்றும் குரலில், "விடுங்க சார், ரெண்டுக்கும் நம்பர் போட்டாச்சு," என்றார்.

நான் கையொப்பமிடவில்லை. இரு தாள்களின் சீட்டுகளிலும், 'இரண்டும் ஒரே செடி. வெட்டியவன் நான்' என்று எழுதி, ஒரே உறையில் வைத்தேன். எந்த அலமாரிக்கு என்று காப்பாளர் கேட்டார். உறையைத் தேநீர் மேசைமேல் வைத்தேன்.

அதற்கென ஒரு மரப்பெட்டி செய்து அங்கேயே விட்டுவிட்டார்கள். இப்போது அதன்மேல் சர்க்கரை டப்பா இருப்பதாகக் கேள்வி. எறும்பு வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.