ரூத் டீச்சரின் தெலுங்கு

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு வெள்ளைக்காரப் பெண் தட்டுத்தடுமாறித் தமிழில் வழி கேட்டாள். எனக்கு ரூத் டீச்சரின் குரல் நினைவுக்கு வந்தது.

ஐம்பதுகளில், ஓசூரை அடுத்த தளிப் பக்கம் பிரெஞ்சுக்காரப் பாதிரிச் சாமியார் நடத்திய பள்ளிக்கூடத்துக்கு அமெரிக்காவிலிருந்து பாடம் நடத்த வந்த இளம்பெண் அவர். அங்கே படித்த நாங்கள் வகுப்பில் வீட்டுமொழியான தெலுங்கு பேசினால் பிரம்படி விழும். அப்படியும் என்னிடம், "எனக்குத் தெலுங்கு சொல்லிக் கொடு" என்று கெஞ்சுவார். ஒருநாள் நான் தண்ணீர்ப் பானையைக் காட்டி, "நீள்ளு" என்றபோது சாமியார் வாசலில் வந்து நின்றார்.

"டீச்சருதான் கேட்டாங்க சாமி" என்றேன்.

சாமியார் அவரைப் பார்த்தார்.

"நான் கேட்கவே இல்லை" என்றார் ரூத் டீச்சர்.

அடி விழும்போது நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் மிட்டாய் நீட்டினார். நான் வாங்கவில்லை. அவர் தன் ஊர் திரும்பும்வரை அவரிடம் தமிழைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.