வீட்டை ‘வா’ என்று அழைத்த நாள்

1. தெருவுக்குக் கீழே இருந்த வீடு

சைட் இன்ஜினியராக நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அந்த வீட்டுக்குள் படியேறினேன் என்று எழுதத்தான் கை போகிறது. உண்மையில் இறங்கினேன். அருப்புக்கோட்டைக் கடைத்தெருவில் தார் போடப் போடச் சாலை உயர்ந்துகொண்டே வந்தது. பஞ்சு வியாபாரக் குடும்பம் ஒன்று கட்டிய அந்த வீடு இருந்த இடத்திலேயே இருந்தது. அதனால் வாசற்படி சாலைக்கு முழங்கால் ஆழம் கீழே போய்விட்டது. ஐப்பசியில் ஒரு நல்ல மழை பெய்தால் தெருச் சாக்கடை முற்றம் வரை வரும்.

உள்ளே நின்று நிமிர்ந்து பார்த்தேன். திருச்சுழிப் பள்ளி மேடையில் தொடங்கி, கல்லூரிச் சொற்போர்களில் கோப்பை மேல் கோப்பையாக வென்ற எனக்குப் பேச்சு வராமல் போனது அன்றுதான். ஒருவர் கட்டிப்பிடித்தால் கைக்குள் அடங்காத தேக்குத் தூண்கள். ஒவ்வொன்றின் தலையிலும் மரத்தில் செதுக்கிய வாழைப்பூ. மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவரில் என் முகம் மங்கலாகத் தெரிந்தது.

பஞ்சு மூட்டைகளை அடுக்கிவைத்த கிட்டங்கி இருந்த இடத்தில் மூன்று பக்கமும் அடுக்குமாடிக் குடியிருப்பு, நடுவில் இந்த வீடு அப்படியே நிற்க வேண்டும் என்பது திட்டம். அதற்கு வீட்டைத் தெரு மட்டத்துக்கு மேலே தூக்கியாக வேண்டும். வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் இருவர். அங்கேயே குடியிருந்த சௌந்தரம் அக்கா காக்க நினைத்தார். மதுரையில் கடை வைத்திருந்த அவருடைய தம்பி பாஸ்கரன் இடிக்க நினைத்தார்.

“தூக்குறாகளாம்ல! அக்கா, எதுக்கும் இப்பவே சொல்லிட்டேன். ஒரு சுவரு விரிஞ்சாலும் மறுநாளே ஜே.சி.பி. வந்துரும். ஒத்துக்கிறியா?”

“ஒத்துக்கிறேண்டா.”

அவர் யோசிக்கக்கூட இல்லை. நான்தான் விடவில்லை. பாஸ்கரனை உட்கார வைத்து, முன்னுரை, மூன்று வாதம், மறுப்புக்கு மறுப்பு, முத்தாய்ப்பு என்று முறையாகப் பேசினேன். அவர் கடைசிவரை கேட்டார்.

“நல்லாப் பேசுற தாயி. எந்த ஊர்ல பட்டிமன்றம்னு சொல்லு, வந்து கைதட்டுறேன். கையில வேலையில்லாம நின்னேன், அதான் இம்புட்டு நேரம் கேட்டேன்.”

2. கண்டக்டர் விசில்

வீட்டைத் தூக்க ஹரியானாவிலிருந்து சுரேந்தர் தன் ஆட்களோடு வந்தான். என் வயதுக்காரன். நம் ஊர் ஆட்களையும் சேர்த்துக்கொண்டான். சுவர்களுக்குக் கீழே பகுதி பகுதியாகத் தோண்டி, இரும்புச் சட்டம் செருகி, அதன் அடியில் வரிசையாக ஜாக்கி வைத்தார்கள். தூண்களின் அடிக்கல்லுக்கும் அப்படியே. ஆளுக்கு நாலைந்து ஜாக்கி. சைகை கிடைத்ததும் எல்லோரும் தம் முன்னால் இருப்பதில் கம்பியைச் செருகி ஒரே நேரத்தில் கால் சுற்றுத் திருப்பிவிட்டு, அடுத்ததற்கு நகர வேண்டும். ஒரு திருப்புக்கு வீடு எழுவது ஓர் உளுந்தின் உயரம் இருக்கலாம். ஒரு மூலை பிந்தினால் சுவர் விரியும். அதைக் காட்டிக்கொடுக்கச் சுவர் இணைப்புகளின் குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டைகளைச் சிமென்ட் வைத்து ஒட்டியிருந்தோம். சுவர் அசைந்தால் முதலில் கண்ணாடி விரிசல் விடும்.

சுரேந்தரின் சைகை விசில். வெள்ளோட்டத்தன்று அவன் விசிலை வாயில் வைப்பதற்குள் வெளியே ஒரு விசில் கேட்டது. தெருப்பக்கத்து ஆட்கள் திருப்பிவிட்டார்கள். ஊதியவர் திருச்சுழி பஸ்ஸின் கண்டக்டர்!

“ஏலே, பஸ்ஸுக்கெல்லாமா வீட்டத் தூக்குவீக?” என்று கொல்லைப்பக்கத்திலிருந்து ஒருவர் கத்த, குழிக்குள் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். சுரேந்தர் மட்டும் சிரிக்கவில்லை. ஜாக்கிகளில் இன்னும் பாரம் ஏறாததால் அன்று பிழைத்தோம்.

கைமைக் எடுத்துப் பார்த்தோம். சுற்றிலும் எழுந்து நின்ற புதுக் கான்கிரீட்டில் மோதி, ஒரு சொல் இரண்டாகத் திரும்பி வந்தது. சுரேந்தரின் தொண்டையோ கொல்லை வரை எட்டவில்லை. நான் முற்றத்தின் நடுவில் போய் நின்றேன். மைக் இல்லாத மைதானங்களில் கடைசி வரிசை வரை கேட்க வைத்த குரல் என்னுடையது.

“திருப்பு” என்றேன். மேடைப் பழக்கம், சொல்லைக் கொஞ்சம் ஏற்றி, நிறுத்தி, இறக்கினேன். பாதிப் பேர் தொடக்கத்தில் திருப்பினார்கள். மீதிப் பேர் முடியட்டும் என்று காத்திருந்தார்கள்.

“மேடம், நீங்க பாட்டு மாதிரி சொல்றீங்க,” என்றான் சுரேந்தர். “ஆளு எப்போ திருப்பணும்? சின்னதா ஒண்ணு சொல்லுங்க.”

“சரி. ‘போ’ன்னு சொல்றேன்.”

அதுவரை ஒதுங்கி நின்ற சௌந்தரம் அக்கா வேகமாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வேணாம் தாயி. நாமளே வெளிய கிளம்புறப்பப் போறேன்னு சொல்றதில்ல. வீட்டப் பாத்து அப்பிடிச் சொல்லலாமா? வான்னு கூப்பிடு. வரும்.”

3. சரக்கறை மூலை

மறுநாள் காலையில் நான் ‘வா’ என்றேன். எங்கோ அடியில் மரம் முனகியது. அவ்வளவுதான். அடுத்த ‘வா’. அடுத்தது. வெயில் உச்சிக்கு வந்தபோது தரைக்கும் அடிக்கல்லுக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தது. தூண்களும் ஓடும் சுவர்களும் மாடத்தில் எரிந்த விளக்கும் சேர்ந்து, ஒரு குடும்பம் தலைமுறைகளாக வாழ்ந்த வீடு காற்றில் நின்றது. குரல் மாறாமல் பார்த்துக்கொண்டேன்.

பாஸ்கரன் காலையிலிருந்து சரக்கறை மூலைக் கண்ணாடியை விட்டு நகரவில்லை. விடும் என்று நம்பி நின்றார்.

ஒருமுறை நான் அழைத்த நொடியில் அந்த மூலையிலிருந்து அலறல். “ஐயோ, தேளு! கொட்டிருச்சு!” பழைய அஸ்திவாரக் கல்லிடுக்கிலிருந்து வந்த தேள். ஜாக்கியில் இருந்தவர் கம்பியைப் போட்டுவிட்டுக் குழியிலிருந்து தாவினார். மற்ற இடமெல்லாம் உயர்ந்துவிட்டது, அந்த மூலை மட்டும் பிந்தியது. ‘டிக்’ என்று ஒரு சத்தம். கண்ணாடி விட்டுவிட்டது.

“யாரும் கம்பி விடாதே!” சுரேந்தர் எதிர்க்கோடியிலிருந்து ஓடி வந்துகொண்டே கத்தினான். “அந்த ஜாக்கி பிடி! யாராவது பிடி!”

அருகில் இருந்தவர் ஒருவர்தான். பாஸ்கரன் வேட்டியை மடித்துக் கட்டிக் குழிக்குள் குதித்தார். கம்பியை ஜாக்கியில் செருகிவிட்டு என்னைப் பார்த்தார்.

“கூப்பிடு தாயி! எதுக்கு நிக்கிற?”

“வா!”

அவர் ஒருவர் மட்டும் திருப்பினார். மற்றவர்கள் கம்பியை விடாமல் நின்றார்கள். அடுத்த ஜாக்கிக்கு நகர்ந்தார். “வா!” மூலை மெல்ல எழுந்து மற்ற மூலைகளோடு சேர்ந்தது. சுரேந்தர் மட்டம் பார்த்துத் தலையசைத்தான். தேள் கொட்டியவரை அதற்குள் வாசலில் நின்ற இருவர் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

சௌந்தரம் அக்கா விரிசல் விட்ட கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார். ஒளிக்க முயலவில்லை.

“பாஸ்கரா, கண்ணாடி விட்டுருச்சுடா. என்ன சொல்ற?”

அவர் சுவரை உள்ளங்கையால் மேலும் கீழும் தடவினார். கையிலிருந்த கிரீஸ் மெருகேறிய சுவரில் தீற்றலாகப் படிந்தது.

“கண்ணாடிதானக்கா விட்டுச்சு? சுவரு நிக்கிதுல்ல. பேசாம அங்கிட்டு நகரு, வேல நடக்கணும்.”

அன்று மாலை வரை அவர் அந்த மூலையை யாருக்கும் கொடுக்கவில்லை. கடைசித் தூக்கு முடிந்த நாளிலும் அங்கேதான் இருந்தார். வேலை முடிந்து முன்வாசல் வழியே வெளியே போனவர், பழக்கத்தில் தெருவுக்கு ஏறக் காலை உயரத் தூக்கினார். கால் காற்றில் நின்றது. தெரு இப்போது கீழே இருந்தது. திரும்பி வீட்டை அண்ணாந்து பார்த்தார்.

“போயிட்டு வாரேன்,” என்றார். அக்காவும் நானும் உள்ளே, முற்றத்தில் இருந்தோம். அவர் சொன்னது எங்களிடம் அல்ல.

கட்டுமானத் தொழிலுக்கு வரப்போகும் தம்பி தங்கையருக்கு நான் சொல்லக்கூடியது இது. எதிர்த்து நிற்பவரை ஒப்புக்கொள்ள வைக்க நான் என் சொல்லையெல்லாம் செலவழித்தேன். கையில் வேலையில்லாமல் நிற்கிறேன் என்று அவரே சொன்னார். அப்போதே ஒரு கம்பியைக் கொடுத்திருக்கலாம்.