ஒரே கவரில் இரண்டு படிவங்கள்

போன வெள்ளிக்கிழமை, லீவு நாளும் அதுவுமாக, மாடி வீட்டிலிருந்து கூப்பிட்டனுப்பினார்கள். நான் செய்து வைத்திருந்த காரியம் அப்படி!

அபுதாபியில் எங்கள் பில்டிங்கின் மூன்றாவது மாடியில், மகள் வீட்டில் இருக்கிறார் சுபேதார் கோதண்டம். வேலூர்ப் பக்கத்துக்காரர். இருபத்தெட்டு வருஷம் ராணுவம், பிறகு இங்கே முசஃபா தொழிற்பேட்டையில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். இப்போது கேன்சர். ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். ஊருக்கு அழைத்துப் போகலாமென்றால், ஃபிளைட்டில் ஏற்ற டாக்டர் சம்மதிக்கவில்லை. வீட்டிலேயே படுக்கை, வாரம் இரண்டு முறை நர்ஸ், வலிக்கு மருந்து.

மனிதர் அசரவில்லை. முன்னாள் ராணுவத்தினர் இறந்தால் மனைவிக்கு ஈமச்சடங்கு உதவி உண்டு. அந்தப் படிவத்தை வரவழைத்து, தானே நிரப்பிவிட்டார். ‘இறந்த இடம்’ என்ற கேள்விக்கு, ‘வீடு’ என்பதில் டிக். மனைவி செண்பகத்திடம் கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது.

“நான் போனப்புறம் இவ ஆபீஸ் ஆபீஸா அலையக்கூடாது சார். டீக் ஹை?”

‘சரிதானே’ என்கிற அந்த ராணுவ இந்திக்கு, நானும் டீக் ஹை என்று தலையாட்டினேன்.

போன மாதம் நான் லீவில் சென்னை போனபோது ஒரு ஃபைலைக் கொடுத்தார். அதிலிருந்த உயிர்வாழ் சான்றை – ஆள் இருக்கிறார், பென்ஷன் கொடுக்கலாம் என்று வருஷா வருஷம் அனுப்பும் காகிதம் – பென்ஷன் ஆபீஸுக்குத் தபாலில் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். ஃபைலில் கூடவே இருந்த ஈமச்சடங்குப் படிவத்தையும் அதே கவரில் வைத்து... பொறுப்பான ஆள் இல்லையா!

பதில், மருமகனின் கம்பெனி போஸ்ட் பாக்ஸுக்கு வந்து சேர்ந்தது.

“தாங்கள் உயிருடன் இருப்பதாக ஒரு படிவமும், இறந்துவிட்டதாக ஒரு படிவமும் வரப்பெற்றோம். எது சரி என்பதைத் தாங்களே தெரிவிக்கவும்.”

தாங்களே!

நான் அசடு வழிய நின்றேன். சுபேதார் இரண்டு முறை படித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வலித்திருக்கும்.

“பதில் எழுதுங்க சார். ரெண்டும் சரி. ஒண்ணு இப்போ, இன்னொண்ணு கூடிய சீக்கிரம்.”

பேனாவை எடுத்தேன். கஞ்சி டம்ளரோடு நின்றிருந்த செண்பகம் அம்மா குறுக்கிட்டார்.

“மொத காயிதம் மட்டும் சரின்னு எழுதுங்கண்ணா. ரெண்டாவதுக்கு எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.”

அந்த அம்மா சொன்னபடியே எழுதி நீட்டினேன். சுபேதார் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் யாருக்கு ரேங்க் பெரியது என்று ஒரு சுபேதாருக்குத் தெரியாதா என்ன?