மணல்முனையில் இறங்கினோம்

பெண்ணையாற்று வெள்ளம் வடிந்த பிறகும் அப்பா வரவில்லை. படுகையில் கட்டியிருந்த உழவு மாட்டை ஓட்டிவரப் போனவர். வெள்ளத்தில் போனதெல்லாம் முகத்துவாரத்தில்தான் ஒதுங்கும் என்றார்கள். "அவரு மூஞ்சப் பாக்காம தாலியக் கழட்ட மாட்டேன்" என்று அம்மா சொல்லிவிட்டாள். பங்காளிகளோ, வைக்கோலில் உருவம் செய்து கொளுத்திக் காரியத்தை முடித்துவிடலாம் என்று அவசரப்பட்டார்கள். அவர்களுக்கென்ன, தீட்டுக் கழிந்தால்தான் வயலில் இறங்கலாம்; நடவு காத்திருந்தது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அப்பாவுக்கு நான் ஒரே பெண். சேதி கேட்டுப் புகுந்த வீட்டிலிருந்து ஓடிவந்தவள், நானே போய்ப் பார்க்கிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

துணைக்குச் சித்தப்பா வந்தார். எங்கள் ஊர் குருவிநத்தத்திலிருந்து ஆற்றங்கரையோரமாகவே நடந்து, கடலோரக் குப்பத்தில் ஒரு மீனவரைக் கெஞ்சிப் படகில் ஏறினோம். ஆறு உடைத்துக்கொண்டு கடலில் பாய்ந்ததில் முகத்துவாரத்து மணல்திட்டின் முனை தனியாகத் துண்டுபட்டுக் கிடந்தது. சித்தப்பா ஏர் பிடித்தால் சூரர். முதல் அலையிலேயே படகின் விளிம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். வேறு நாளாக இருந்தால் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பேன்.

இடுப்பளவு தண்ணீரில் குதித்துத்தான் கரையேறினோம். மரமில்லை, மறைப்பில்லை. வாடைக்காற்று நிற்கவிடாமல் தள்ளியது. கண்ணிலும் வாயிலும் மணல். வேரோடு பெயர்ந்த கரும்பு, யார் வீட்டுக் கதவோ ஒன்று, செத்த ஆடுகள். பிணத்தைத் தேடித்தான் வந்திருக்கிறோம் என்று தெரியும். ஆனாலும் "அப்பா" என்று கத்திக் கூப்பிட்டேன்.

முனையின் கோடியில் எங்கள் மாடு பாதி புதைந்து கிடந்தது. கொம்பில் அப்பா பூசிய நீலம் இன்னும் மிச்சமிருந்தது. அதன் கயிறு மணலுக்குள் இறங்கியிருந்தது. இழுத்தேன். வரவில்லை.

எங்கள் பக்கத்தில் மாட்டோடு தண்ணீர் கடக்கிறவர்கள் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வார்கள். மாடு நீந்தி ஆளையும் கரை சேர்த்துவிடும். ஏரியில் நானே அப்படிக் கடந்திருக்கிறேன். மாடே அடித்துக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை.

சித்தப்பாவும் மீனவரும் கையாலேயே தோண்டினார்கள். முகம் பார்க்கிற நிலையில் இல்லை. கையைத்தான் அடையாளம் கண்டேன்; அறுப்பில் அரிவாள் பட்டுப் பாதியாகிப்போன சுண்டுவிரல். மணிக்கட்டில் கயிறு சதைக்குள் இறுகியிருந்தது. வாய்விட்டு அழுதேன்.

"படகுல ஏத்த முடியாதும்மா, அலை ஜாஸ்தி. இங்கியே அடக்கம் பண்ணிடுங்க" என்றார் மீனவர். மேட்டில் குழி எடுத்துப் புதைத்தோம். சித்தப்பா முண்டாசிலிருந்து கற்பூரமும் தீப்பெட்டியும் எடுத்துக் கொளுத்தப் பார்த்தார். அந்தக் காற்றில் ஒரு தீக்குச்சிகூட நிற்கவில்லை. பெட்டியைக் கடலில் வீசிவிட்டு, குழந்தை மாதிரி அழுதார்.

வீட்டுக்குத் திரும்பியபோது அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"மூஞ்சப் பாத்தியாடி?"

"கையத்தாம்மா பாத்தேன்."

சொல்லாதே என்று சித்தப்பா கண்ணைக் காட்டினார். எனக்கு மறைக்க வரவில்லை. கயிற்றைப் பற்றிச் சொன்னேன்.

அம்மா அழவில்லை. பங்காளி வீட்டுப் பெண்கள் வருவதற்குள் தாலியைத் தானே கழற்றினாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"மாட்ட வுட்டுட்டு வந்திருந்தா, நான் இன்னாடி சொல்லியிருக்கப் போறேன்?"